குசினிக் கேள்விகள்: திருமலையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படுபவை

சொந்தக்காரர், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், கொழும்பிலும் கனடாவிலும் இருந்து போன் எடுப்பவர்கள் எல்லாரும் சுற்றிச் சுற்றி இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். நான் சமையல் படித்தவளும் இல்லை, கடை நடத்துகிறவளும் இல்லை, திருகோணமலை உவர்மலையில் ஒரு வீட்டுக்குச் சமைக்கிறவள். பிடித்ததை எடுங்கள், பிடிக்காததை விடுங்கள்.

அக்கா, சந்தைக்குப் போக முதலே என்ன கறி என்று முடிவு செய்ய வேண்டாமா?

வேண்டாம். முதலில் மீனைப் பாருங்கள், பிறகு கறியை யோசியுங்கள். "இன்றைக்கு அறக்குளாக் குழம்பு" என்று வீட்டிலேயே முடிவு கட்டிக்கொண்டு போனால் அறக்குளா நேற்றையதாக இருந்தாலும் அதைத்தான் வாங்கி வருவீர்கள், பக்கத்துத் தட்டில் காலையில் கரைவலையில் வந்த சூடை பளபளவென்று கிடந்தாலும் கண்ணில் படாது.

எங்கள் கடலுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. சித்திரையில் இருந்து புரட்டாதி வரை கிழக்குக் கடல் அமைதி, அந்த மாதங்களில் மீனும் மலிவு, வகையும் நிறைய. ஐப்பசி கடந்து வாடை தொடங்கினால் கடல் கொந்தளிக்கும், சின்னத் தோணிகள் இறங்காது, விலை ஏறும். அந்தக் காலத்தில் பிடிவாதமாகப் பெரிய மீன் தேடி அலையாமல் கருவாடு, முட்டை, குளத்துத் திலாப்பியா, முருங்கைக்காய் என்று போய்விடுவேன். மார்கழி மழையில் கருவாட்டுக் குழம்பும் கத்தரிக்காயும் சோறும் ஒன்றும் குறைந்த சாப்பாடு இல்லை. சொல்லப்போனால் எனக்கு அதுதான் கூடப் பிடிக்கும்.

மீன் பழசா புதுசா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கண் குழிந்து வெளிறியிருந்தால் விடுங்கள். செவுளைத் தூக்கிப் பாருங்கள், நல்ல சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அமத்தினால் சதை திரும்ப எழும்ப வேண்டும். மணம் கடல் மணமாக இருந்தால் சரி, மூக்கில் குத்தினால் சரியில்லை. செவுளைப் பார்க்க விடாத மீன்காரரிடம் நான் வாங்குவதில்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். சூரை, கும்பளா மாதிரி மீன்கள் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற பொருள் அதில் உருவாகும். பிறகு எவ்வளவு கொதிக்க வைத்தாலும், எவ்வளவு மொறுமொறுவென்று பொரித்தாலும் அது போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவக்கும், தலை இடிக்கும், உடம்பெல்லாம் கடிக்கும். அதனால் "நல்லா அவிச்சா எல்லாம் சரி" என்ற கதை இந்த மீன்களுக்குச் செல்லாது. சந்தையில் கடைசியாக மீனை வாங்குங்கள், வாங்கினால் நேரே வீட்டுக்கு வாருங்கள், வழியில் கதை வேண்டாம்.

எந்த மீனுக்கு எந்தக் கறி?

இதற்கு ஒரு நாள் முழுக்கப் பேசலாம்.

சூடை, கீரி மாதிரிச் சின்ன மீன் என்றால் பழப்புளி தூக்கலாக விட்டு, தூளும் உள்ளியும் வெந்தயமும் போட்டு, தடிப்பாக வற்ற வைக்க வேண்டும். தேங்காய்ப்பால் கொஞ்சம் போதும், சிலபேர் விடவே மாட்டார்கள். அறக்குளா, பாரை குழம்புக்கும் சரி, பொரியலுக்கும் சரி, ஆனால் அறக்குளாவை விலை கொடுத்து வாங்கிவிட்டுத் தூளில் மூழ்கடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மஞ்சள், மிளகு, உப்பு, தேசிக்காய்ப்புளி பூசி அரை மணி நேரம் வைத்துப் பொரித்தால் போதும். விளைமீன் தேங்காய்ப்பாலில் வைக்கிற சொதிக்கு. அதன் தலையும் சொதிக்குத்தான், தலையை வீசுகிறவர்களை என்ன செய்வதென்று தெரியவில்லை. சின்னச் சுறா என்றால் அவித்து உதிர்த்து, தேங்காய்ப்பூவும் உள்ளியும் பச்சை மிளகாயும் போட்டு வறை. பிள்ளை பெற்றவர்களுக்குக் கொடுப்பது என்று பெயர், ஆனால் எங்கள் வீட்டில் பிள்ளை பெறாதவர்கள்தான் கூடச் சாப்பிடுகிறார்கள். திருக்கைக்கு மிளகும் உள்ளியும் தாராளமாக வேண்டும்.

நண்டுக் கறிக்கு இறக்குகிற நேரம் ஒரு பிடி முருங்கையிலை. வயிற்றில் சினை ஒட்டிய நண்டை வாங்காதீர்கள், அது கடலிலேயே இருக்க வேண்டியது.

கணவாய் றப்பர் மாதிரி வருகிறது என்று நிறையப் பேர் முறைப்பாடு. கணவாய்க்கு இரண்டு வழிதான்: நல்ல தணலில் இரண்டு மூன்று நிமிடத்தில் பிரட்டி இறக்குவது, இல்லாவிட்டால் மெல்லிய நெருப்பில் முக்கால் மணி நேரம் விட்டு வதக்குவது. நடுவில் பத்து, பதினைந்து நிமிடத்தில் இறக்கினால் றப்பர்தான். நடுவில் மாட்டிக்கொண்டால் பயந்து இறக்காமல் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டு மூடி வையுங்கள், திரும்பவும் மென்மையாகும்.

சொதி ஏன் திரிகிறது?

அவசரம்தான் காரணம். தேங்காய்ப்பால் என்பது தண்ணீரில் கலந்து நிற்கிற எண்ணெய். அதைச் சேர்த்துப் பிடித்திருப்பது கொஞ்சப் புரதம். கடுமையாகக் கொதிக்க விட்டாலோ, கொதிக்கும்போது புளியை ஊற்றினாலோ அந்தப் பிடி விட்டுப்போகும், எண்ணெய் மேலே வரும், பால் கட்டி கட்டியாகும்.

இரண்டாம் பாலில் வெங்காயம், பச்சை மிளகாய், கொஞ்சம் வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை, ரம்பை இலை போட்டு அவிய விடுங்கள். மீன் போடுவதானால் அதையும் இதிலேயே போட்டு அவியுங்கள். பிறகு நெருப்பைக் குறைத்து முதற்பாலை விட்டு அகப்பையால் கிண்டிக்கொண்டே இருங்கள், ஓரத்தில் நுரை கட்டி ஒரு கொதி எட்டிப் பார்க்கும்போது இறக்கிவிடுங்கள். உப்பைச் சரிபார்த்து, சூடு சற்றுத் தணிந்த பிறகு தேசிக்காய். மூடி போட்டு மூட வேண்டாம்.

தேங்காய்ப்பால் மா பாவிக்கலாமா?

பாவிக்கலாம், யாரும் வீட்டுக்கு வந்து பிடிக்கப் போவதில்லை. 2025 தொடக்கத்தில் ஒரு தேங்காய் 200 ரூபாவைத் தாண்டிப் போன நாட்களில் நானும் பருப்புக் கறிக்கு மாதான் கரைத்தேன். பருப்பு, பூசணி, உருளைக்கிழங்கு இவற்றுக்கு வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. சொதிக்கும் பாற்சோற்றுக்கும் மட்டும் தேங்காய் திருவித்தான் ஆக வேண்டும். சம்பலைப் பற்றி இந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது.

கறித்தூள் வீட்டில் வறுப்பதா, கடையில் வாங்குவதா?

வீட்டில். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

செத்தல் மிளகாயும் மல்லியும் நிறையில் சமம். அரைக் கிலோவுக்கு அரைக் கிலோ என்றால் பெருஞ்சீரகம் 100 கிராம், நற்சீரகம் 50, மிளகு 50, வெந்தயம் ஒரு கைப்பிடிக்கும் குறைவு, மஞ்சள் இரண்டு மூன்று துண்டு, கறிவேப்பிலை இரண்டு கைப்பிடி. ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுக்க வேண்டும், ஏனென்றால் மல்லி வறுபடுவதற்குள் வெந்தயம் கருகிவிடும், வெந்தயம் கருகினால் தூள் முழுக்கக் கசக்கும். மிளகாயைக் கடைசியாக, மெல்லிய நெருப்பில், யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வறுங்கள். மில்லில் அரைத்து வந்ததும் சூட்டோடு போத்தலில் போடாதீர்கள், தாளில் பரப்பி ஆற விடுங்கள், இல்லாவிட்டால் வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

மஞ்சளைத் துண்டாக வாங்கி இதோடேயே அரைப்பது எனக்கு 2020இல் வந்த பழக்கம். அந்த வருடம் மஞ்சள் இறக்குமதியை நிறுத்தினார்கள், விலை ஏறு ஏறென்று ஏறியது, தூளில் அரிசி மாவும் நிறமும் கலந்து விற்ற கதைகள் எல்லாம் வந்தன. துண்டில் கலப்படம் செய்வது கஷ்டம்.

யாழ்ப்பாணத்தாரின் தூளுக்கும் எங்கள் தூளுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறார்கள். தூளில் பெரிதாக ஒன்றும் இல்லை, கைதான் வேறு. அவர்கள் உறைப்பைக் கூட்டுவார்கள், நாங்கள் பாலைக் கூட்டுவோம். இரண்டு பக்கமும் கல்யாணம் செய்த வீடுகளில் இந்தச் சண்டை இன்னும் முடியவில்லை.

மண்சட்டி உண்மையிலேயே ருசி தருமா, சும்மா பேச்சா?

பாதி பேச்சு, பாதி உண்மை. மண் மணம், மருத்துவக் குணம் என்றெல்லாம் சொல்வதை நான் நம்புவதில்லை. ஆனால் மண்சட்டி மெதுவாகச் சூடாகி மெதுவாக ஆறும், அடுப்பை நிறுத்திய பிறகும் குழம்பு உள்ளே வற்றிக்கொண்டிருக்கும், மீன் உடையாமல் புளி இறங்கும். அதைவிடப் பெரிய காரணம் புளி. அலுமினியச் சட்டியில் பழப்புளி கொதித்தால் உலோகம் கரையும், சட்டி உள்ளே நிறம் மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். இரும்புத் தாச்சியிலும் புளிக்கறி கறுத்து ஒரு இரும்பு ருசி வரும். மண்சட்டிக்கு அந்த வில்லங்கம் இல்லை. எவர்சில்வருக்கும் இல்லை, ஆனால் அதில் அடிப்பிடிக்கும்.

புதுச் சட்டியை ஒரு இரவு தண்ணீரில் ஊற விட்டு, அடுத்த நாள் கஞ்சித்தண்ணீர் விட்டு மெல்லக் கொதிக்க வைத்து, ஆறவிட்டுக் கழுவுங்கள். சோப் போடாதீர்கள், சட்டி குடித்துவிட்டு அடுத்த குழம்பில் திருப்பித் தரும். பொச்சும் சாம்பலும் போதும். சூடான சட்டியில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் வெடிக்கும். மின்சார இன்டக்ஷன் அடுப்பில் மண்சட்டி வேலை செய்யாது, அதற்குக் காந்தம் ஒட்டுகிற அடி வேண்டும். இதை வாங்கிய பிறகுதான் கேட்கிறார்கள்.

நான்ஸ்டிக்?

முட்டைக்கும் தோசைக்கும் ஒன்று வைத்திருங்கள். வெறும் சட்டியைப் பெரிய நெருப்பில் காய விடாதீர்கள், 260 பாகை செல்சியசுக்கு மேல் அந்தப் பூச்சு சிதையத் தொடங்கும், புகை நல்லதில்லை. கடுகு தாளிப்பது, மசாலா வறுப்பது எல்லாம் இரும்புத் தாச்சியில். பூச்சு உரியத் தொடங்கினால் வீசுங்கள், "இன்னும் கொஞ்ச நாள்" வேண்டாம்.

அம்மியா கிரைண்டரா?

தினமும் அம்மியில் அரை என்று சொல்கிறவர்கள் அநேகமாக அரைக்காதவர்கள். வேலைக்குப் போய் வந்து ஆறு மணிக்கு அடுப்பு மூட்டுகிறவளுக்கு கிரைண்டர் தெய்வம்தான். ஆனாலும் சம்பலை மட்டும் அதில் போடாதீர்கள். கத்தி சுற்றுகிற வேகத்தில் தேங்காய்ப்பூ சூடாகி எண்ணெய் விட்டுப் பசையாகிவிடும். செத்தல் மிளகாய், உப்பு, சின்ன வெங்காயம், விருப்பமென்றால் மாசிக் கருவாடு, இவற்றை உரலில் இடித்து, தேங்காய்ப்பூவைப் போட்டுக் கையால் பிசைந்து, தேசிக்காய் விடுங்கள். ஐந்து நிமிட வேலை. சின்னக் கல்லுரல் ஒன்று எல்லா வீட்டிலும் இருக்க வேண்டும், விலையும் பெரிதில்லை.

புட்டு ஏன் கல்லாக வருகிறது?

மா பச்சையாக இருக்கிறது, அல்லது தண்ணீரை ஒரேயடியாக விட்டீர்கள். கோதுமை மா என்றால் கட்டாயம் துணியில் கட்டி ஆவியில் அவித்து, சூட்டோடு உடைத்து அரித்துத்தான் பாவிக்க வேண்டும். சீனக்குடாவில் பிரிமா ஆலையை வைத்துக்கொண்டு கோதுமை மாவைப் பற்றித் திருமலைக்காரருக்கு நான் வகுப்பெடுக்கிறேன், இருந்தாலும் சொல்கிறேன்: பச்சைக் கோதுமை மாவில் தண்ணீர் பட்டால் பசைப்புரதம் இழுபட்டு ரொட்டி மா மாதிரித் திரளும், அவித்தால் அந்தப் பசை செத்துப்போகும், பிறகுதான் உதிரும். அரிசி மா என்றால் வறுத்தது வேண்டும். இரண்டையும் பாதிக்குப் பாதி கலப்பது என் பழக்கம்.

உப்புப் போட்டுக் கொதித்து ஆறிய வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துக் கையால் கிளறி, பேணி விளிம்பால் கொத்துங்கள். ஓலையில் பின்னிய நீத்துப்பெட்டியில் தேங்காய்ப்பூவோடு போட்டு, ஆவி நன்றாக மேலே வந்த பிறகு எட்டு, பத்து நிமிடம். நீத்துப்பெட்டியில் அவித்ததும் குழலில் அவித்ததும் ஒன்றல்ல, பெட்டியில் ஆவி எல்லாப் பக்கமும் போய்வரும், புட்டு பஞ்சாக இருக்கும்.

ஏர் ஃபிரையர் வாங்கலாமா?

கிழங்குப் பொரியலும் கோழியும்தான் உங்கள் வீட்டில் என்றால் வாங்குங்கள். வடைக்கு வாங்காதீர்கள். கருவாடு அதில் பொரித்தால் அதற்குப் பிறகு கேக்கும் கருவாடு மணக்கும்.

காஸ் இருக்கும்போது விறகடுப்பு எதற்கு?

2022ஐ மறந்துவிட்டீர்களா? 12.5 கிலோ சிலிண்டருக்காக விடிய முன்னமே வரிசை, மண்ணெண்ணெய்க்கு வேறு வரிசை, ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லை. ரைஸ் குக்கரும் கிரைண்டரும் மேசையில் பொம்மையாக இருந்தன. அப்போது சோறு வடித்தவர்கள் எல்லாரும் மூன்று கல்லும் நான்கு பாளையும் வைத்திருந்தவர்கள். கொல்லையில் இடம் இருந்தால் ஒரு அடுப்புப் போட்டு வையுங்கள். சிரட்டை, பொச்சுமட்டை, தென்னோலை எல்லாம் எங்களுக்குச் சும்மா கிடைப்பவை. சிரட்டைத் தணலில் சுட்ட கருவாட்டுக்கு ஈடு காஸ் அடுப்பில் இல்லை என்பது வேறு விஷயம்.

காஸ் பாவிக்கிறவர்கள் குழாயிலும் றெகுலேட்டர் பூட்டும் இடத்திலும் சவர்க்காரத் தண்ணீர் பூசிப் பாருங்கள், குமிழி வந்தால் கசிகிறது. நெருப்புக்குச்சி கொளுத்திப் பார்க்காதீர்கள், அப்படிப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள்.

தேத்தண்ணீர் கடையில் வருகிற மாதிரி வீட்டில் ஏன் வருவதில்லை?

தண்ணீர் நன்றாகக் கொதிக்கவில்லை, அல்லது தேயிலையையும் சேர்த்துக் கொதிக்க வைக்கிறீர்கள். கொதித்த தண்ணீரை தேயிலை மேல் ஊற்றி மூன்று நான்கு நிமிடம் மூடி வையுங்கள், அதற்கு மேல் கசப்புத்தான் இறங்கும். பால் தேத்தண்ணீருக்குப் பால்மாவையும் சீனியையும் முதலில் கொஞ்சம் வெந்நீரில் குழைத்துவிட்டு, பிறகு கடும் சாயத்தை வடித்து ஊற்றி, இரண்டு பேணியில் மாற்றி மாற்றி ஆற்றுங்கள். நுரை ஆற்றுவதில்தான் வருகிறது.

பிளேன்டீக்கு இடித்த இஞ்சி, பக்கத்தில் ஒரு துண்டு பனங்கட்டி. சீனி போட்டுக் குடித்தால் நான் கோபிக்க மாட்டேன், ஆனால் நான்கு கரண்டி போட்டால் அது தேத்தண்ணீர் இல்லை.

வெயிலுக்கு என்ன குடிப்பது?

இளநீர். அது இல்லாவிட்டால் மோரில் இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை தட்டிப் போட்டு உப்போடு. பிள்ளைகளுக்குக் கசகசா என்று நாங்கள் சொல்கிற திருநீற்றுப்பச்சை விதை ஊறவைத்த சர்பத். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் நிறம் போட்ட சோடாவைக் குடித்தால் இன்னும் தாகம்தான் எடுக்கும்.

நல்ல தயிர் எது?

கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து எருமைத் தயிர், மண்சட்டியில் உறைந்தது. பசும்பாலைவிட எருமைப்பாலில் கொழுப்பு அதிகம், தண்ணீரை மண்சட்டி கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும், அதனால்தான் கத்தியால் வெட்டுகிற மாதிரி இருக்கும். பிளாஸ்டிக் பேணியில் வருவது வேறு சாமான். சட்டியைச் சரித்துப் பாருங்கள், மேலே மஞ்சள் தண்ணீர் நிறைய நின்றால் புளித்துவிட்டது, சாப்பிட வேண்டாம், மோர் அடியுங்கள்.

கன்னியா வெந்நீர்க் கிணற்றில் முட்டை அவியுமா?

இதைப் பிள்ளைகள் மட்டும் கேட்பதில்லை. அவியாது. வெள்ளைக்கரு இறுகத் தொடங்கவே 60 பாகை செல்சியசுக்கு மேல் வேண்டும், கன்னியாவின் ஏழு கிணறுகளிலும் இருப்பது குளிக்கிற சூடு. குளித்துவிட்டு வாருங்கள், முட்டையை வீட்டில் அவிக்கலாம்.

வெள்ளிக்கிழமை மரக்கறி என்றால் வீட்டில் முகம் சுளிக்கிறார்கள்.

நான்கு கறி வைக்காமல் இரண்டை ஒழுங்காக வையுங்கள். பூசணிக்காயைத் தோலோடு, வறுத்த தேங்காய்ப்பூவும் அரிசியும் கடுகும் அரைத்துப் போட்டு ஒரு பாற்கறி, பக்கத்தில் கத்தரிக்காய் பொரித்த குழம்பு, ஒரு அப்பளம். கத்தரிக்காயை முதலில் எண்ணெயில் நன்றாகப் பொரித்து எடுத்துவிட்டுப் பிறகு புளிக்குழம்பில் போடுங்கள். எண்ணெய்க்குப் பயந்து வதக்கினால் அது குழம்பில் கரைந்துபோய் யாரும் தொடமாட்டார்கள்.

கையில் கொஞ்சக் காசுதான், புதுக் குடித்தனம். எதை முதலில் வாங்குவது?

நல்ல கத்தி, நல்ல திருவலை, இரண்டு மண்சட்டி, ஒரு இரும்புத் தாச்சி, நீத்துப்பெட்டி. ரைஸ் குக்கர் கல்யாணத்துக்கு எப்படியும் இரண்டு வந்திருக்கும். கத்தி விலையாக இருக்க வேண்டியதில்லை, கூராக இருந்தால் போதும். மொட்டைக் கத்திதான் வழுக்கிக் கையை வெட்டும். பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் பூச்சில்லாத சொரசொரப்பான வளையம் இருக்கும், அதில் பத்துத் தரம் இழுத்தாலே ஒரு மீன் வெட்டலாம்.

கனடாவில் இருக்கிறோம், எங்களுக்கு இதெல்லாம் எங்கே கிடைக்கும்?

தமிழ்க் கடைகளில் கிங்ஃபிஷ் என்று உறைய வைத்து விற்பது நம் அறக்குளாதான். அதை வெந்நீரில் போட்டு உருக்காமல் முதல் நாள் இரவே பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள், வடியும் தண்ணீரை ஊற்றிவிட்டுத் துடைத்துப் பொரியுங்கள். உறைந்த தேங்காய்ப்பூவைச் சம்பலுக்கு எடுப்பதானால் லேசாக ஆவி காட்டுங்கள். ஆனால் அங்கேயும் முதலில் கடையைப் பாருங்கள், எட்டாயிரம் மைல் பறந்து வந்த கும்பளாவைவிட அங்கே பிடித்த மீன் நல்லதாக இருந்தால் அதற்கே புளி விடுங்கள். ரம்பை உறைய வைத்தது கிடைக்கும், வாங்குங்கள். கறிவேப்பிலைக் கன்றை மட்டும் குளிருக்கு முன் வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள்.